எதிராளி தலையசைக்கும்வரை: சமய உரையாடலின் தத்துவ வழிகள்

சமய நல்லிணக்கக் கூட்டத்துக்கென்று ஒரு வாடிக்கையான வடிவம் உண்டு. மேடையில் ஒரு குருக்கள், ஒரு பாதிரியார், ஒரு மௌலவி. ஆளுக்குப் பத்து நிமிடம். மூவரும் தத்தம் நூலிலிருந்து அன்பைப் பற்றி ஒரு வரி எடுத்துச் சொல்வார்கள். எல்லாச் சமயங்களும் ஒன்றையே போதிக்கின்றன என்று தலைவர் முடித்துவைப்பார். பொன்னாடை, தேநீர், குழுப்படம். இதைக் கேலி செய்ய வேண்டியதில்லை. கலவரம் நடந்து ஓய்ந்த ஊரில் அந்த மூவரும் சேர்ந்து நிற்கும் படம் மறுநாள் செய்தித்தாளில் வருவதே பெரிய காரியம்தான். ஆனால் அங்கே ஒருவர் சொன்னது இன்னொருவருடைய கொள்கையை எந்த இடத்திலும் தொடுவதில்லை.

வத்திக்கான் 1991இல் வெளியிட்ட ஆவணம் ஒன்று சமய உரையாடலை நான்கு வகையாகப் பிரித்தது: அண்டை அயலாராக வாழ்வது, பொதுக் காரியங்களில் சேர்ந்து உழைப்பது, கொள்கையளவில் பரிமாறிக்கொள்வது, வழிபாட்டு அனுபவத்தைப் பகிர்வது. நல்லிணக்க மேடை முதல் இரண்டுக்குத் துணை செய்யும். இங்கே பேசப்போவது மூன்றாவதைப் பற்றி. தத்துவம் தேவைப்படுவதும், பெரும்பாலும் சறுக்குவதும் அங்கேதான்.

1983இல் ஆலன் ரேஸ் என்ற ஆங்கிலிக்க இறையியலாளர், கிறிஸ்தவர்கள் பிற சமயங்களைப் பார்க்கும் விதத்தை மூன்றாக வகுத்தார். என் வழி மட்டுமே மெய் என்பது விலக்கும் நிலை. என் வழிதான் முழு மெய், மற்றவற்றிலும் அதன் கூறு உண்டு என்பது உள்ளடக்கும் நிலை. எல்லா வழிகளும் ஒரே மெய்ப்பொருளுக்குச் சமமான பதில்கள் என்பது பன்மை நிலை. கிறிஸ்தவத்தை மனதில் வைத்துச் செய்த பாகுபாடுதான். ஆனாலும் மற்றச் சமயங்களுக்கும் அப்படியே பொருந்துகிறது.

இவற்றில் நம் ஊரில் மிகவும் பழகியது இரண்டாவது. "யாதொரு தெய்வங் கொண்டீர் அத்தெய்வ மாகி யாங்கே மாதொரு பாகனார்தாம் வருவர்" என்ற சிவஞான சித்தியார் வரியை நல்லிணக்கத்துக்குச் சான்றாக மேடைகளில் கேட்டிருப்போம். பாட்டின் மீதியை யாரும் சொல்வதில்லை. நீங்கள் கொண்ட அந்தத் தெய்வங்கள் வேதனைப்படும், இறக்கும், பிறக்கும், வினை செய்யும். இவையெல்லாம் இல்லாத சிவனே உங்கள் வழிபாட்டை அறிந்து அருள்செய்கிறான் என்று அது தொடர்கிறது. சித்தியாரை எழுதிய அருணந்தி சிவாசாரியார் பிறரை விரட்டவில்லை, உள்ளே சேர்த்துக்கொள்கிறார். ஆனால் எந்த நாற்காலி யாருக்கு என்பதை அவரே முடிவுசெய்கிறார். சைவ சித்தாந்தம் சமயங்களைப் புறப்புறம், புறம், அகப்புறம், அகம் என்று நான்கு வளையங்களாக, வளையத்துக்கு ஆறாக அடுக்குவதும் இதே முறைதான். பிற தேவதைகளைச் சிரத்தையோடு வணங்குவோரும் விதிமுறை தவறி என்னையே வணங்குகிறார்கள் என்று கீதையின் ஒன்பதாம் அத்தியாயம் சொல்வதும் இதே.

ஐரோப்பாவில் இதைச் சொன்னவர் கார்ல் ராணர் என்ற ஜெர்மன் இயேசு சபைத் துறவி. கிறிஸ்துவைக் கேள்விப்படாமலேயே இறையருளுக்கு மனம் திறந்து வாழ்பவரை அவர் 'பெயரறியாக் கிறிஸ்தவர்' என்றார். 1965 அக்டோபர் 28 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் பிற சமயங்கள் பற்றி வெளியிட்ட அறிக்கையும் இந்தச் சூழலில் வந்ததுதான். கியோட்டோவைச் சேர்ந்த தத்துவ அறிஞர் நிஷிதானி ராணரிடம் ஒருமுறை கேட்டார்: நான் உங்களைப் பெயரறியா ஜென் பௌத்தர் என்று சொன்னால்? உங்கள் நிலையிலிருந்து நீங்கள் அப்படித்தான் சொல்ல வேண்டும், எனக்கு அது பெருமை என்றார் ராணர். நேர்மையான பதில். ஆனால் அந்தப் பதிலோடு பேச்சு நின்றுவிடுகிறது: இருவரும் மற்றவரைத் தன் வீட்டுக் கணக்கில் எழுதிக்கொண்டாயிற்று, இருவரும் மற்றவரிடமிருந்து புதிதாக எதையும் தெரிந்துகொள்ளவில்லை.

பன்மை நிலையைத் தத்துவமாக முழுமையாகக் கட்டியவர் ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் ஹிக். 1967 முதல் பர்மிங்காமில் பணியாற்றியபோது அந்நகரத்து மசூதி, குருத்துவாரா, யூதர் ஜெபக்கூடம், கோயில் எல்லாவற்றிலும் மனிதர்கள் ஒரே விதமாக மனம் திறப்பதைப் பார்த்தார். சூரியக் குடும்பத்தின் நடுவில் பூமி இல்லை என்று கோபர்நிக்கஸ் காட்டியதுபோல, சமயங்களின் நடுவில் கிறிஸ்தவம் இல்லை, கடவுளே இருக்கிறார் என்று 1973இல் எழுதினார். கடவுள் என்று சொன்னால் பௌத்தர்கள் வெளியே நிற்கிறார்களே என்ற கேள்வி எழுந்தது. 1989இல் வந்த அவருடைய பெருநூலில் கடவுள் 'மெய்ப்பொருள்' ஆனார். ஜெர்மன் தத்துவ அறிஞர் காண்ட் வழியில், மெய்ப்பொருள் தன்னளவில் எவராலும் அறியப்படாதது. சிவன், யாவே, அல்லாஹ், நிர்வாணம் எல்லாம் அது மனிதப் பண்பாடுகளில் தோன்றும் விதங்கள் என்றார்.

இதை மூன்று பேரிடம் சொல்லிப் பாருங்கள். சைவர் கேட்பார்: நான் பாடும் சிவன் தோற்றம்தான், பின்னால் உள்ளதற்கு அருள் என்ற குணமும் இல்லை என்றால் தேவாரத்தை யாரிடம் பாடுவது? முஸ்லிம் கேட்பார்: குர்ஆன் இறைவனின் சொல்லா, அரபுப் பண்பாட்டின் எதிரொலியா? தேரவாத பௌத்தர் இன்னும் அடிப்படைக்கே போவார்: எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு மெய்ப்பொருள் உண்டு என்பதைத்தானே நாங்கள் ஏற்கவில்லை? மூவரையும் சமமாக மதிக்கக் கட்டிய கொள்கையில் மூவருக்கும் இடமில்லை. யானையைத் தடவிய குருடர் கதையை இதற்கு உவமை சொல்வது வழக்கம். பாலி நூலான உதானத்தில் புத்தர் அக்கதையைச் சொல்வது எல்லாச் சமயமும் உண்மை என்று காட்ட அல்ல. சாவத்தியில் சண்டையிட்டுக்கொண்ட பிற சமயத் துறவிகளுக்குக் கண் தெரியவில்லை என்று காட்டத்தான். கதை சொல்பவருக்கு யானை முழுதாகத் தெரிகிறது.

அமெரிக்க இறையியலாளர் மார்க் ஹைம் 1995இல் வேறு வழியைக் காட்டினார்: சமயங்கள் ஒரே மலையின் வெவ்வேறு பாதைகள் அல்ல, அவை போய்ச்சேரும் இடங்களே வேறு வேறாக இருக்கலாம். சைவர் வேண்டும் சிவப்பேறும் பௌத்தரின் நிர்வாணமும் ஒன்றல்ல. ஒன்றை வேண்டுபவருக்கு மற்றது கிடைத்தால் அவர் ஏமாந்தவரே. நிரூபிக்க முடியாத கொள்கைதான். ஆனாலும், நீ எதைத் தேடுகிறாய் என்று முதலில் கேட்க வைக்கிறது, அந்த அளவில் மற்ற மூன்றையும்விட இது உரையாடலுக்குக் கூடுதலாக உதவுகிறது.

இந்த நிலைப்பாடுகள் எல்லாவற்றிலும் ஒரே குறை: உட்காரும் முன்பே மற்றவர் யார் என்பதை நாம் தீர்மானித்துவிடுகிறோம். வேறொரு தொடக்கம் இந்தியத் தர்க்க மரபில் இருக்கிறது, தமிழில் அது வளமாகவே இருக்கிறது.

பூர்வபட்சம்

எதிர்த்தரப்பை மறுக்கும் முன் அதை முழுதாக எடுத்துச் சொல்ல வேண்டும், அதுவே பூர்வபட்சம். மணிமேகலையின் 27ஆம் காதையில், தவசி வேடத்தில் வஞ்சி நகருக்குள் செல்லும் மணிமேகலை பத்துச் சமயவாதிகளிடம் அவரவர் திறம் கேட்கிறாள். முதலில் பேசுபவர் அளவைவாதி. கடவுள் யார் என்பதற்கு முன்னால், அறிவது எப்படி என்பதைப் பேசுகிறார்: காண்டல், கருதல், உவமம், ஆகமம் என்று பத்து அளவைகள், அவற்றில் எட்டை ஏற்பவர் யார், ஆறை ஏற்பவர் யார் என்ற விவரத்தோடு. வரிசை தற்செயலானதல்ல. எந்த அளவையை இருவரும் ஏற்கிறோம் என்று தெரியாமல் தொடங்கும் வாதத்துக்கு முடிவே கிடையாது. கடைசியில் வரும் பூதவாதி காட்சியைத் தவிர வேறு அளவையை ஏற்பதில்லை. உன் தாய் தந்தையர் இன்னார் என்பதை அனுமானத்தால் அல்லாமல் வேறெப்படி அறிந்தாய் என்று மணிமேகலை கேட்கிறாள். தன் நூலிலிருந்து மேற்கோள் காட்டவில்லை. அவன் தானே மறுக்க முடியாத ஒன்றை எடுத்துக் கேட்கிறாள்.

13ஆம் நூற்றாண்டில் சித்தியாரின் பரபக்கம், அதாவது பிறர் கொள்கைகளை ஆராயும் பகுதி, இந்த முறையை இன்னும் இறுக்கமாக்கியது. 14 தரப்புகள், ஒவ்வொன்றுக்கும் முதலில் 'மதம்', பிறகு 'மறுதலை'. பௌத்தத்தை ஒரே மூட்டையாகக் கட்டாமல் சௌத்திராந்திகன், யோகாசாரன், மாத்தியமிகன், வைபாடிகன் என்று நான்காகப் பிரிக்கிறார் அருணந்தி. இன்று 'கிறிஸ்தவர்கள் சொல்வது', 'இஸ்லாம் சொல்வது' என்று ஒற்றை வாக்கியத்தில் முடிப்பவர்கள் இந்த ஒன்றையாவது கவனிக்கலாம். அவர் பட்டியலில் இல்லாதது யார் என்பதும் கவனிக்கத்தக்கது. சோழமண்டலக் கரையில் அப்போது முஸ்லிம் வணிகர்கள் குடியிருந்தார்கள். பரபக்கத்தில் இஸ்லாம் இல்லை. பிரமாணங்களை, அதாவது அளவைகளைப் பற்றிய பொதுவான இலக்கணம் பகிரப்படாத இடத்தில் பூர்வபட்சம் எழுதவே முடியவில்லை.

இம்முறையின் பெரிய ஓட்டை ஆசீவகர் விஷயத்தில் தெரிகிறது. தமிழகத்தில் பல நூற்றாண்டுகள் இருந்த சமயம் அது. அவர்களுடைய சொந்த நூல் ஒன்றுகூட இன்று இல்லை. நமக்குத் தெரிந்தது மணிமேகலை, நீலகேசி, சித்தியார் போன்ற எதிர்த்தரப்பு நூல்கள் வழியாகவே. அவற்றில் சொல்லியிருப்பது தங்கள் கொள்கைதானா என்று பார்க்க ஓர் ஆசீவகரும் மிஞ்சவில்லை. எழுதும்போதும் அவர்களிடம் சரிபார்க்க வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இருந்ததில்லை. பூர்வபட்சம் எதிராளிக்குப் பேச இடம் தந்தது. அந்தப் பேச்சைத் திருத்தும் உரிமையை அது தரவில்லை.

அந்த உரிமைக்கு அருகில் போன ஒரு முயற்சி தரங்கம்பாடியில் நடந்தது. 1706இல் வந்திறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்குவும் அவருடைய சக ஊழியர் குருண்ட்லரும் 1712 முதல் 1714 வரை தமிழர்களுக்குக் கேள்விகள் அனுப்பி எழுத்தில் பதில் வாங்கினார்கள். அப்படி வந்த 99 கடிதங்கள் ஜெர்மனில் மொழிபெயர்த்து, அவர்கள் பணியை ஆதரித்த ஜெர்மன் நகரமான ஹாலேயில் அச்சாயின. மதம் மாற்ற வந்தவர்கள்தான், கேள்விகளையும் அவர்களே வகுத்தார்கள்; ஆனாலும் பதில் அந்தச் சமயத்தாரின் வாயிலிருந்து வந்தது. அந்த அளவே ஹாலேக்கு அதிகமாகப் பட்டது. சீகன்பால்கு தமிழர் தெய்வங்களைப் பற்றி 1713இல் எழுதி முடித்த நூலை அங்கே அச்சிடவில்லை. 1867இல்தான் சென்னையில் வெளிவந்தது.

தற்காலத்தில் இதை விதியாகவே ஆக்கியவர் பிலடெல்பியாவைச் சேர்ந்த சமய அறிஞர் லெனர்ட் சுவிட்லர். 1983இல் அவர் வகுத்த பத்து விதிகளில் ஒன்று: தன் சமயம் என்ன என்பதை அவரவரே வரையறுக்க வேண்டும், இன்னொருவர் அதை எடுத்துச் சொன்னால், ஆம், இது நான்தான் என்று அவர் அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். பூர்வபட்சத்தோடு இந்த ஒரு விதியைச் சேர்த்துவிட்டால், மேலே சொன்ன பெரிய கொள்கைகள் எதுவும் இல்லாமலே பேச்சைத் தொடங்கலாம் என்பது எங்கள் துணிபு.

வாதம் கெடும் இடங்கள்

இந்தியத் தர்க்க மரபின் மூலநூலான நியாய சூத்திரம் விவாதத்தை மூன்றாகப் பிரிக்கிறது. உண்மையை அறிய, இருவரும் ஏற்ற பிரமாணங்களைக் கொண்டு செய்வது வாதம். வெல்வதற்காக, சொற்புரட்டும் போலி மறுப்பும் கலந்து செய்வது ஜல்பம். தன் தரப்பை நிறுவாமல் பிறர் தரப்பை உடைப்பது மட்டும் விதண்டை. பின்னிரண்டையும் அது அடியோடு தள்ளவில்லை. முளைக்கும் பயிருக்கு முள்வேலி போல, உண்மையைக் காக்க உதவும் என்கிறது. தோற்றதாகக் கொள்ளும் இடங்கள் 22. அவற்றில் இரண்டு நமக்கு முக்கியம். எதிராளி மூன்று முறை சொல்லி, சபைக்கும் புரிந்த பிறகு, அதைத் திருப்பிச் சொல்ல முடியாதவர் தோற்றவர். தான் மூன்று முறை சொல்லியும் சபைக்கும் எதிராளிக்கும் புரியாதபடி பேசுபவரும் தோற்றவர்.

1873 ஆகஸ்ட் 26, 28 தேதிகளில் இலங்கையின் பாணந்துறையில் நடந்த விவாதம் இரண்டாவது தோல்விக்குப் பாடப்புத்தகம். ஒருபுறம் வெஸ்லியன் கிறிஸ்தவ சபையின் டேவிட் டி சில்வா, மறுபுறம் பௌத்தத் துறவி மிகெட்டுவத்தே குணானந்த தேரர். நிலையான ஆன்மா இல்லையென்றால் வினைப்பயனை அனுபவிப்பது யார் என்று டி சில்வா கேட்டார். நல்ல கேள்வி, பௌத்தர்களே காலங்காலமாகத் தங்களுக்குள் கேட்டுக்கொண்டதுதான். ஆனால் அவர் பாலி, சமஸ்கிருத மேற்கோள்களாகப் பேசிக்கொண்டு போனார். ஆயிரக்கணக்கில் கூடியிருந்த கூட்டத்துக்கு எட்டவில்லை. குணானந்தர் மக்கள் பேச்சில் பேசினார். 'சாது, சாது' என்ற முழக்கம் தீர்ப்பாயிற்று. சிங்கள பௌத்த மறுமலர்ச்சிக்கு அது உந்துதல் தந்தது உண்மை. கேள்வி மட்டும் கேட்ட இடத்திலேயே கிடந்தது. பார்வையாளர் கூட்டம் பெருகப் பெருக வாதம் ஜல்பமாக மாறுவது இயல்பு. பேசுபவர்களின் நல்லெண்ணம் அதைத் தடுக்காது.

இன்னொரு கோளாறு, பேச்சு தொடங்கும் முன்பே நேர்வது. அக்பர் 1575இல் பத்தேபூர் சிக்ரியில் இபாதத்கானா என்ற வழிபாட்டு மண்டபத்தைக் கட்டி வியாழன் இரவுகளில் அறிஞர்களைக் கூட்டினார். தொடக்கத்தில் எல்லோரும் முஸ்லிம்கள்தான். அப்போதே யார் எங்கே உட்காருவது என்று சச்சரவு. கடைசியில் சையதுகள் மேற்கே, உலமாக்கள் தெற்கே, ஷேக்குகள் வடக்கே, அமீர்கள் கிழக்கே என்று திசை பிரிக்க வேண்டியதாயிற்று. 1580இல் இயேசு சபையார் வந்த பிறகு, வேதநூலைக் கையில் ஏந்தி நெருப்பில் இறங்கிப் பார்ப்பது என்ற அறைகூவல்வரை போனது. சம்பந்தர் சமணரோடு செய்ததாகப் பெரியபுராணம் சொல்லும் அனல்வாதமும் புனல்வாதமும் நினைவுக்கு வரலாம். ஏடு எரிகிறதா என்று பார்க்கத் தொடங்கிய பிறகு, ஏட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பது யாருக்கும் தேவைப்படுவதில்லை.

ஒரு மேசை, மூன்று பனுவல்கள்

1990களின் நடுவில் பீட்டர் ஓக்ஸ் என்ற யூத அறிஞரும் டேவிட் போர்டு, டேனியல் ஹார்டி என்ற ஆங்கிலிக்கர்களும் தொடங்கிய முறையில், யூதர், கிறிஸ்தவர், முஸ்லிம்கள் சிறு குழுவாக அமர்ந்து மூன்று வேதங்களிலிருந்தும் ஒரே பொருள் பற்றிய சிறு பகுதிகளைச் சேர்ந்து படிப்பார்கள். உடன்பாடு அவர்கள் இலக்கல்ல. கருத்து வேறுபாடு தெளிவாக, தரமாக இருக்க வேண்டும் என்பதே இலக்கு. இதோடு பூர்வபட்ச ஒழுங்கைச் சேர்த்து நம் சூழலுக்கு ஏற்ப இப்படிச் செய்யலாம்.

ஆறிலிருந்து ஒன்பது பேர். ஒரு சமயத்துக்குக் குறைந்தது இருவர் வேண்டும். ஒருவர் மட்டும் இருந்தால் அவர் தன் சமயத்தின் தூதராக மாறிவிடுவார், உள்வேறுபாடுகள் வெளியே வராது. ஒரு பக்கம் பட்டம் பெற்ற பண்டிதரும் மறுபக்கம் பக்தியுள்ள இல்லறத்தாரும் என்று அமைந்தால் அன்றைய அமர்வைத் தள்ளிவைப்பதே மேல். பார்வையாளர் கிடையாது, கைபேசிப் பதிவு கிடையாது. கேமரா ஓடினால் பாணந்துறை திரும்பி வரும். பனுவல் ஒவ்வொன்றும் 10 முதல் 25 வசனம், எல்லோர் கையிலும் தமிழில், ஒரே தாளில். பனுவலுக்கு 40 நிமிடம், கடைசியில் ஒப்பிட்டுப் பேச அரை மணி. சமயத்துக்கு உரியவர் வாய்விட்டுப் படித்து ஐந்து நிமிடம் பின்னணி சொல்வார். மற்றவர்கள் விளக்கம் மட்டும் கேட்பார்கள். பிறகு வேறு சமயத்தார் ஒருவர் அதை மூன்று நிமிடத்தில் திருப்பிச் சொல்ல வேண்டும். உரியவர்கள் தலையசைத்த பிறகே ஆட்சேபம். தலையசைக்காவிட்டால் மறுபடி சொல்ல வேண்டும். நெறியாளரின் உண்மையான வேலை இந்த ஒரு இடத்தில் விட்டுக்கொடுக்காமல் இருப்பதுதான்.

'மனிதனிடம் உள்ள குறை எங்கிருந்து வந்தது' என்ற பொருளை எடுத்துக்கொள்வோம். ஆதியாகமம் மூன்றாம் அதிகாரம், 24 வசனம். குர்ஆன் 2:30 முதல் 39 வரை. உமாபதி சிவாசாரியாரின் திருவருட்பயனில் மூன்றாம் அதிகாரமான இருண்மலநிலை, 10 குறள். முதல் வாசிப்பில் மூன்றும் ஒன்றுபோலவே தோன்றும். மனிதன் மறைப்பில் இருக்கிறான் என்பார்கள். நெருங்கிப் படித்தால் நிலைமை மாறுகிறது. இருண்மலநிலையின் மூன்றாம் குறள், சாதாரண இருள் பொருள்களை மறைத்தாலும் தான் இருள் என்பதைக் காட்டும், உயிரை மறைக்கும் ஆணவ மலமோ பொருளையும் காட்டாது தன்னையும் காட்டாது என்கிறது. ஆதியாகமத்தில் நடப்பது நேர்மாறு: கனியைத் தின்றதும் அவர்கள் கண்கள் திறக்கின்றன, தாங்கள் நிர்வாணிகள் என்று அறிகிறார்கள். சித்தாந்தத்தில் குறை என்பது அறியாமை, அதற்குத் தொடக்கமில்லை, அது யாருடைய குற்றமும் இல்லை. ஆதியாகமத்தில் குறை ஒரு செயலில் தொடங்குகிறது, அறிவோடு வருகிறது. குர்ஆன் பகுதியில் ஆதம் தன் இறைவனிடமிருந்து சொற்களைப் பெறுகிறார், மன்னிப்பு அங்கேயே கிடைக்கிறது. பிள்ளைகளுக்கு இறங்கும் குற்றம் எதுவும் மிஞ்சுவதில்லை.

இனி வரும் கேள்விகள் ஒவ்வொருவரையும் தன் வீட்டுக்குள்ளேயே தேட வைக்கும். தந்தை செய்ததைக் குழந்தை ஏன் சுமக்க வேண்டும் என்று சைவர் கேட்டால், மரபுவழிக் குற்றம் ஆதியாகமம் மூன்றில் எழுதியிருக்கவில்லை என்று கிறிஸ்தவர் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். அது பவுலின் ரோமர் நிருபத்தை அகுஸ்தீன் படித்த விதத்திலிருந்து வந்தது, கிழக்கத்திய சபைகள் அதை அப்படியே ஏற்பதில்லை. மலமும் அநாதி, சிவனருளும் அநாதி என்றால் இன்னும் ஏன் கட்டு என்று கிறிஸ்தவர் கேட்டால் சைவர் மலம் பக்குவப்படும் மலபரிபாகத்தையும் அருள் உயிரில் பதியும் சத்திநிபாதத்தையும் விளக்குவார். முஸ்லிம் கேட்பது அதைவிடக் கடினம்: இறைவனைத் தவிர உயிரும், அதைக் கட்டும் தளையான பாசமும் தொடக்கமற்றவை என்றால் அது இறைவனின் வல்லமைக்கு எல்லை ஆகாதா? சித்தாந்தி இதற்குப் பதில் வைத்திருக்கிறார், ஆனால் மூன்று நிமிடத்தில் சொல்லிவிட முடியாது. அவர் திருப்பிக் கேட்பார்: மனிதன் தூய இயல்போடு பிறக்கிறான் என்றால் இறைவனை மறக்கும் இந்த மறதி எங்கிருந்து வந்தது?

இந்த முறைக்கு வரம்புகள் உண்டு. பனுவலை நம்பி நடக்கும் எந்த முறையும் நூல் இல்லாதவர்களை வெளியே நிறுத்திவிடும். மதுரைவீரனையும் பேச்சியையும் கும்பிடுபவரிடம் கொடுக்கத் தாளில் என்ன இருக்கிறது? கொடையில் பாடும் வில்லுப்பாட்டின் ஒரு பகுதியைப் பனுவலாக வைக்கலாம். பாடுபவரையே கூட்டிவந்து உரியவர் என்ற இடத்தில் உட்காரவைக்க வேண்டும், கோயில் பண்டிதரை அல்ல. மத மாற்றம் பற்றிய சந்தேகத்தை முதல் ஐந்து நிமிடத்திலேயே மேசையில் வைத்துவிடுவது நல்லது. தன் வழி மெய் என்றும் மற்றவரும் அதைக் காண வேண்டும் என்றும் விரும்புவதை யாரும் ஒளிக்கத் தேவையில்லை; அமர்வுக்குள்ளும் அமர்வைச் சாக்கிட்டும் அழைப்பு விடுக்கக் கூடாது. சொல்லாமல் விட்டால் மூன்றாம் வாரம் யாராவது ஒருவர் வருவதை நிறுத்திவிடுவார்.

குறிப்பெழுதுபவர் தாளை மூன்று பத்தியாகப் பிரித்துக்கொள்ளட்டும்: ஒத்துப்போனவை, வேறுபட்டவை, இன்னும் புரியாதவை. கலையும் முன், ஒவ்வொரு சமயம் பற்றி எழுதியதையும் அந்தச் சமயத்தார் படித்துத் திருத்திய பிறகே பிரதி எடுக்க வேண்டும். அடுத்த அமர்வின் பனுவல்கள் மூன்றாம் பத்தியிலிருந்து வரும். மேலே சொன்ன அமர்வுக்கு அடுத்தது என்றால், ரோமர் 5:12 முதல் 21 வரை, எவர் சுமையையும் இன்னொருவர் சுமக்கமாட்டார் என்று சொல்லும் குர்ஆன் 6:164, திருவருட்பயனில் நான்காம் அதிகாரமான அருளதுநிலை.